அந்தோனியார் யாருடையவர் என்று நீதிபதி கேட்டார்

நான் அந்தோனியாருக்கு எதிராக வழக்குப் போட்டேன் என்று கோயில் வாசலில் கதைத்துச் சிரிக்கிறீர்களாம். திருத்திக்கொள்ளுங்கள். வழக்கு றீற்றாவுக்கு எதிராக. புனிதர்மேல் வழக்குப் போடுமளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை.

நனைந்த சப்பாத்துகளின் வாடை, மெழுகுதிரிப் புகை... இந்தப் பனி நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் சிறிய அப்பார்ட்மென்ட் செபமாலை நாட்களில் அப்படித்தான் மணக்கும். என் கணவர் மன்னாரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்தோனியார் சுரூபம் கிழமைக்கு ஒரு வீடாகப் போகும். அந்தந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். பிறகு தேநீர், வாய்ப்பன், ஊர்க்கதை.

ரொக்ஸ்பரோவில் றீற்றா வீட்டுக்குச் சுரூபம் போயிருந்த கிழமையில் அவளுடைய மகனுக்கு நெடுநாளாக இருந்த வலிப்பு நின்றது. அவள் சுரூபத்தைத் திருப்பித் தரவில்லை.

"அக்கா, அவர் வெளிக்கிட்டா பிள்ளைக்குத் திரும்ப வந்திடும்."

"அவர் என்ன, உன்ர வீட்டுக் காவல்காரனே?" என்றேன்.

என் கணவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு நாளைக்காவது கொண்டுவா என்று றீற்றாவைக் கேட்டேன். கொண்டுவரவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகுதான் வழக்குப் போட்டேன்.

சிறிய வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க முடியாது. நானே எழுந்து பேசினேன்.

"இந்தச் சிலை உங்களுடையதா?" என்றார் நீதிபதி.

"இல்லை."

"அந்த அம்மாவுடையதா?"

"இல்லை. முறை வைத்து எல்லோர் வீட்டுக்கும் போகிறவர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழக்குத் தள்ளுபடி.

"அப்பான்ர எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வெண்டிருப்பியள் அம்மா!" என்று மகள் காரில் ஏசிக்கொண்டே வந்தாள். அவர் எல்லோருக்குமாகக் கொடுத்ததை நான் எந்த வாயால் எனதென்று சொல்வது? சட்டத்துக்குச் சொந்தக்காரரைத் தெரியும். முறை வைத்துப் பகிர்கிறவர்களைத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக ஓர் அந்தோனியார் இருக்கிறார். யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பின்னேரங்களில் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குகிறேன்... மறுபாதி சொல்ல ஆளில்லை. அதையும் நானே சொல்லி முடிக்கிறேன்.

றீற்றா, சுரூபம் உன்னிடமே இருக்கட்டும். நான் சாகுமுன் ஒரே ஒரு கிழமைக்கு என் வீட்டுக்குக் கொண்டுவா. மகனையும் கூட்டிக்கொண்டு வா. வருவாயா, மாட்டாயா? தொலைபேசியில் வேண்டாம். எழுதி அனுப்பு.