வேன் பிடித்துப் போன அட்மிஷன்

மகளைக் கல்லூரியில் சேர்க்க எழுமலையிலிருந்து மதுரைக்கு வேன் பிடித்துப் போனோம். நான், கணவர், கொழுந்தனார், என் தம்பி என்று ஒரு கூட்டம். முதல்வர் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு மொத்தமாக உள்ளே நுழைந்தோம்.

"பி.காம். குடுங்க மேடம், பிள்ள பேங்க் வேலைக்குப் போகணும்" என்றார் கணவர்.

"ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி?" என்றான் தம்பி.

எல்லாம் கேட்டுவிட்டு முதல்வர், "படிக்கப் போற பொண்ணு எங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். வெளியே ஓடினேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் பையோடு நின்றிருந்தாள். "நீதானம்மா செருப்பப் பாத்துக்கச் சொன்ன!"

அவளை உள்ளே அழைத்த முதல்வர், எங்களை வெளியே அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "வரலாறு கேட்டேன், குடுத்துட்டாங்கம்மா!" பேங்க் வேலை பேசியவர் ஃபீஸ் கட்டக் கிளம்பினார்.

இப்போது கல்லூரியில் எந்தப் பெற்றோர் கூட்டம் என்றாலும் அவள்தான் முதலில் உள்ளே போகிறாள். செருப்புக்குக் காவல் நான்.