வெயிலுக்கு முந்தி எடுத்த அளவு

அந்த மனுஷனை நாங்கள் ‘சேவல்’ என்றுதான் கூப்பிடுவோம். சர்வேயர். ஐம்பத்திரண்டு மாடிக் கட்டடம் நேராக எழும்புகிறதா என்று அளப்பது அவர் வேலை. வெயில் வருவதற்குள் அளந்தாக வேண்டும். கிழக்குப் பக்கம் சூடேறினால் அந்தப் பக்கம் துளி நீளும். உச்சி மேற்கே இரண்டு விரல் சாயும். ராத்திரிக் குளிரில் தானாக நிமிரும். கம்பி கட்டும் மேஸ்திரி நான், எனக்கே இதை நம்ப ஒரு வருஷம் ஆனது.

முப்பத்தோராவது மாடியில் ஒரே ஒரு நாள் தாமதித்தார். மனைவியை அடக்கம் செய்த மறுநாள் அது. வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பி வந்து, ஒன்பது மணி வெயிலில் அளந்து குறி போட்டார். அதை நம்பிப் பலகை அடைத்துக் கான்கிரீட் போட்டோம். சுவர் கோணல். நான்கு நாள் உடைத்தோம். ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை, பாவம், அதுதான் அவரை அரித்தது.

அப்புறம் வீட்டில் அவரும் மகளும்தான். அவள் கண் விழிக்கும்போது இவர் வேலையில். அவள் வேலை முடிந்து வரும்போது இவர் தூக்கத்தில். பேச்செல்லாம் அடுப்பு மேடையில் வைக்கும் சீட்டில்தான். இப்போது அவளுக்கு வெளிநாட்டில் வேலை. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு விமான நிலையத்துக்குப் பஸ். நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஒன்பது மணிக்குப் பாத்துக்கலாம்ண்ணே, குடியா முழுகிடும்? பொண்ணை ஏத்திவிட்டுட்டு வாங்க.”

“உச்சி மாடிக்குக் குறி போடணும்ப்பா. மறுபடி உடைக்கச் சொல்றியா?”

“பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா உங்களுக்கு!”

அவர் அளக்கும் கருவியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் ஆறரைக்கு நான் மேலே போனபோது, குறி போட்டு முடித்துவிட்டு, கருவிக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏறிட்டாளாம். ‘சாப்பிடுங்கப்பா’ன்னு அனுப்பிருக்கா.”

பெற்ற பெண்ணைவிட இந்தச் சிமெண்டுக் கம்பம் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்க வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கென்று பார்த்து வெயிலே வரவில்லை. விடியும்போது திரண்ட மேகம் கலையவே இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. தரையில் ஒரு நிழல்கூட விழவில்லை. சேவல் எழுந்து, யாரும் சொல்லாமலே மறுபடி கருவியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

“எவ்வளவுண்ணே சாஞ்சிருக்கு?”

“ஒண்ணுமில்ல. காலையில இருந்த இடத்துலயேதான் இருக்கு.”

கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

“போயிருக்கலாம்ப்பா,” என்றார்.