வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு மண்டையோடுகள்

நான் பையில் மனித எலும்பு கொண்டு திரிந்ததாக எங்கள் மாடிக் குடியிருப்பில் கதைக்கிறார்கள். தவறு. அவை சாந்தில் வார்த்த மண்டையோட்டு மாதிரிகள். அவற்றால்தான் ஓட்டோக்காரர் பிடிபட்டார் என்பதும் தவறு. நடந்ததை எழுதுகிறேன், வன்னியில் சண்டை நடக்கும் இந்நாட்களில் கொழும்புக்குள் பயணம் செய்வோருக்கும் உதவும்.

என் கணவர் விலங்கியல் ஆசிரியர். அங்கங்கே வாழ்ந்த ஆதிமனிதரே, ஒருவரோடொருவர் கலந்து, இன்றைய மனிதராக மாறினர் என்பது அவர் கட்சி. எல்லோரும் ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டு, கரையோரமாகப் பரவி, முன்பிருந்தவர்களின் இடத்தைப் பிடித்தனர் என்பது என் கட்சி. சாப்பாட்டு மேசையில் முடியாத வழக்கு. அவர் காலமானபின், அவருடைய மாதிரிகளைக் கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்று கேட்டது.

செவ்வாய் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டேன். ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர், ஐந்நூறு ரூபாய். சாரதி சுதன், கொட்டாஞ்சேனைக்காரர், முப்பது வயதிருக்கும். மூடியிருந்த துவாய் சற்று விலகிக் கிடந்த பையைக் கண்ணாடியில் பார்த்தார்.

"அன்ரி, இவருக்கு ஏன் புருவம் இப்பிடித் தள்ளிக்கொண்டு நிக்குது?"

"அவர் பழைய ஆள், தம்பி. மற்றவர் எங்களைப் போல."

"அப்ப இஞ்ச முதல் வந்தது ஆர்? நாங்களோ, சிங்களவங்களோ?"

"இரண்டு பேரும் பிந்தித்தான்."

"இதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ. ரெண்டு பக்கமும் அடிப்பாங்கள்."

புறக்கோட்டைக்கு முன் சோதனைச் சாவடி. சிப்பாய் துவாயை விலக்கி, ஒரு மண்டையோட்டைத் தூக்கினார். "அம்மே, இது சிங்களவனா, தமிழனா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இவர் காலத்தில் இரண்டு பேரும் இல்லை, மகன்" என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். குழந்தையைப் போலச் சுற்றித் திருப்பித் தந்தார். பிறகு சுதனின் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் வன்னியில் கிளிநொச்சி. சிரிப்பு நின்றது. எப்போது வந்தாய், எந்த வழியால் வந்தாய், ஏன் வந்தாய்? மூன்று வயதில், தாயின் இடுப்பில் வந்ததாகச் சுதன் சொன்னார். அது போதவில்லை.

"அன்ரி, ஓட்டோவை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. இப்ப வந்திடுவன்."

வெயிலில் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன். மதியம் ஒரு ஜீப் அவரை ஏற்றிச் சென்றது. எங்கே என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டேன். பதிலில்லை.

ஓட்டோவை அங்கேயே விட்டுவிட்டு, மாதிரிகளைப் பாடசாலையில் கொடுக்குமுன் சுதனின் வீட்டைத் தேடிப் போனேன். தாயார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பையைப் பார்த்தார்.

"சாந்தில செய்த தலையெல்லாம் சுகமா வந்து சேர்ந்திட்டுது, என்ன."

மனிதர் எந்த வழியாகப் பரவினர் என்று நாற்பது வருடம் வாதாடியவள் நான். அந்த வாசலில் ஒரு மனிதர் எந்த வழியாகக் கொண்டுபோகப்பட்டார் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயணம் செய்வோருக்கு: பொதியைத் துணியால் மூடாதீர்கள். ஏறுமுன் சாரதியின் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டு வையுங்கள். நான் கேட்டிருந்தேன், அதனால்தான் அந்த வீட்டுக்குப் போக முடிந்தது, முறைப்பாடும் எழுத முடிந்தது. இன்றோடு ஒன்பது நாள். நான் போன அலுவலகங்களில் எல்லாம் "பார்ப்போம்" என்று வாயால் சொல்கிறார்கள்.

சுதனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள், அந்தச் சாவடியின் பொறுப்பதிகாரி உட்பட, எனக்கு எழுத்தில் பதில் தரவேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். அதைத் தாயாருக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.