மாரிக்குப்பத்துக் கர்ச்சீப்

இங்கே நெதர்லாந்தில் காலி இருக்கை என்றால் காலி இருக்கைதான். வந்து நான்கு மாதமாகியும் எனக்கு இது பழகவில்லை. ரயிலில் ஆளில்லாத சீட்டைக் கண்டால், மேலே கர்ச்சீப் ஏதும் கிடக்கிறதா என்று கண் தானாகத் தேடுகிறது.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். ரயில் புறப்படுவது மாரிக்குப்பத்தில், நான் ஏறுவது சில ஸ்டேஷன் தள்ளி, கோரமண்டலில். மாரிக்குப்பத்தில் ஏறும் கூட்டாளி செல்வம் கர்ச்சீப், பேப்பர், டிபன் பாக்ஸ் மூடி என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஆறு பேருக்கு இடம் பிடித்துவிடுவான். யாராவது முறைத்தால், "ஆளு வர்றாங்க சார்" என்பான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இங்கே அலுவலகத்தில் ஆளுக்கொரு மேஜை கிடையாது, அன்றன்று பிடிக்க வேண்டும். அதற்கொரு செயலி செய்வதுதான் என் முதல் வேலை. சரியாக வந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் ஊருக்கு டிக்கெட். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியே எழுத நேரமில்லை. ஒரே தடவை எழுதினால் இரண்டிலும் ஓடுகிற கிராஸ்-பிளாட்ஃபார்ம் ஃப்ரேம்வொர்க்கில் எழுதினேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று ஒரே வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்ற திமிர் வேறு. யாரும் கேட்காமலே, ஒருவர் ஆறு மேஜை பிடிக்கலாம் என்றும் வைத்துவிட்டேன். யாருக்காக என்று பெயர்கூடச் சொல்ல வேண்டாம். இடம் பிடிப்பதென்றால் அப்படித்தானே!

முதல் நாளே, சீக்கிரம் எழுந்த நாலு பேர் மாடி முழுவதையும் பிடித்துவிட்டார்கள். மேலதிகாரி மரைக்கா என்ற டச்சுப் பெண்மணி உட்கார இடமின்றி லேப்டாப்பை ஏந்தியபடி நின்றார்.

"அந்த மேஜையில் யார்?" என்று என்னிடம் கேட்டார்.

"யாருமில்லை."

"அப்படியானால் காலியா?"

"இல்லை. வருவார்கள்."

"யார்?"

"தெரியாது."

தன் ஐபோனில்தான் கோளாறோ என்று பக்கத்திலிருந்தவரின் ஆண்ட்ராய்டை வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே கூத்து. ஒரே தடவை எழுதினால் தப்பும் இரண்டிலும் ஓடும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கர்ச்சீப் கதையை முழுக்கச் சொல்லி ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒருவருக்கு ஓர் இடம். இன்றே மாற்று."

நிரலில் ஒரே வரிதான். மாற்றினேன், இரண்டு போனிலும் சரியானது.

போன வாரம் பனியில் ரயில் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது மேஜை ஒன்றுகூட மிச்சமில்லை. ஜன்னலோரத்தில் ஒன்றின்மேல் மட்டும் மரைக்காவின் மஃப்ளர் கிடந்தது, அதனடியில் வேலையை நிரந்தரமாக்கிய கடிதம்.

"உட்கார். ஆள் வருகிறார் என்று சொல்லி வைத்தேன்" என்றார், இம்முறையும் சிரிக்காமல்.

காலையிலேயே செல்வம் அனுப்பியிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தேன். ரயிலில் ஜன்னலோர சீட், மேலே கர்ச்சீப். "இன்னா மச்சான், உன் சீட்ட யாருக்கும் குடுக்கல. எப்ப வர்ற?"

ஒருவருக்கு ஓர் இடம்தான். அந்த விதியை எழுதியவனே நான். மஃப்ளரை எடுத்து மடித்துவிட்டு உட்கார்ந்தேன். கர்ச்சீப்பை எடுத்துவிடு என்று எழுத மட்டும் விரல் வரவில்லை.

"ஆளு வர்றான்னு சொல்லு மச்சான்" என்று அனுப்பினேன்.