யாரும் உட்கார்ந்து வராத ஜீப்

“…அத்தினி பேரும் அதுல படுத்துகினுதான்டா வந்தாங்க, உக்காந்துகினு ஒருத்தனும் வரல,” என்றார் நைனா, வாசலில் நின்ற என் ஜீப்பைப் பார்த்தபடி. காலை எட்டு மணி. மூன்று நாள் மழை. ஊருக்கு வெளியே தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் வரவில்லை. அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள்.

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஜீப்பே வாங்கினேன். முந்தின வருஷ மழையில் இதே பாலம் மூழ்கி, அவருக்கு டயாலிசிஸ் இரண்டு முறை தவறிப்போனது. கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே நாட்களைக் கழித்தார். இருபது வருஷம் சென்னையில் இருந்துவிட்டு அப்பாவுக்காகத் திரும்பி வந்தவன் நான். என் முதல் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஷோரூமில் பளபளவென்று நிற்பவை எல்லாம் தார் ரோட்டு மாப்பிள்ளைகள். எனக்கு வேண்டியது உயரமான பழைய டீசல் வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் படுத்துக்கொள்கிற எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது.

அவலூர்பேட்டைப் பக்கம் ஒருவரிடம் இருந்தது. அவர் அதிகம் பேசவில்லை. எந்த ஓடையிலும் நின்றதில்லை, ஏற்றியதை இறக்காமல் திரும்பியதில்லை என்றார். நெல் மூட்டையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைக் கழற்றிவிட்டுத் தரையில் நான்கு இரும்பு வளையங்களைப் பற்றவைத்திருந்தார். கயிறு உரசி உரசி அவை வெள்ளியாக மின்னின. மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், விற்கிறவன் வாங்குகிறவன் கண்ணைப் பார்ப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. என் கண்ணில் என்ன தெரிந்ததோ, சாவியை என் கையில் கொடுக்காமல் பானெட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செஞ்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தார். நான்கு சக்கர லீவரைப் போட்டு மண்மேட்டில் ஏற்றி இறக்கினார். இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது என்றார். எதிரே மலையும் பாறையுமாக நிற்கிற ஊரில் அதற்கு மேல் சான்றிதழ் கிடையாது. கையைத் துடைத்துவிட்டு, பின்தரையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொழில் பக்தி என்று நினைத்தேன்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில், அனந்தபுரம் தாண்டி உள்ளே திரும்பியதும் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டுகள் அவிழ்ந்தன. எதிரே பைக்கில் வந்தவர் ஓரங்கட்டி இறங்கி நின்றார். பழைய வண்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் சிரித்துக் கையசைத்தேன். யாரும் திருப்பிக் கையசைக்கவில்லை. யாரும் என் முகத்தையே பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் எனக்குப் பின்னால் போனது. நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வெறும் தரை.

அடுத்த ஊரில் ரேடியேட்டர் சூடேறியது. தண்ணீர் கேட்கலாம் என்று ஒரு வீட்டு முன் நிறுத்தினேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா வண்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“எப்ப போச்சு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து என்னைக் கையமர்த்திவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த அம்மாவின் புருஷனுக்குப் போன் போட்டு அந்த அம்மாவின் காதில் வைத்தார். நான் நல்லாத்தான் கீறேன், இட்லி சாப்டுகினு இருக்கேன் என்ற குரல் எனக்கே கேட்டது. அந்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து வந்து பின்கதவைத் திறந்து, ஈரக் கையால் ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையம் வரை தரையைத் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி வேன் தார் ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பாலமும் சேறும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பிணம் வந்தது எல்லாம் இந்த ஜீப்பில்தான். சத்தம் முதலில் வரும், வண்டி பிறகு வரும், யார் என்பது கடைசியில் தெரியும் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே இல்லை, உச்சி வெயில். அரண்டுபோயிருந்ததும் நான் ஒருவன்தான். அவர்களுக்கு அது பஸ் மாதிரி பழகிய வண்டி.

எங்கள் தெருமுனையில் நைனா நின்றிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். தோள் துண்டு கக்கத்தில் இருந்தது.

“யாருடா?”

“நான்தான் நைனா.”

“ஓட்டுறது நீதான், தெரியுது. பின்னாடி யாரு?”

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வண்டியை மந்திரிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டேன். வண்டி மந்திரிக்கிறவர்கள் முன்பக்கம் நின்றுதான் தீர்த்தம் தெளிப்பார்கள். அவர் கால் பழகிய பழக்கத்தில் நேராகப் பின்கதவுக்குப் போனார். இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். சுற்றி நின்றவர்களும் அதற்குரிய பதிலை ஒழுங்காகச் சொன்னார்கள். இரண்டு பதில் முடிந்து மூன்றாவதில்தான் சாமியார் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்பக்கம் வந்து மறுபடி ஆரம்பித்தார். நைனா ஒருவர்தான் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் டயாலிசிசுக்குப் பஸ்ஸில்தான் போனார். நான் காலி ஜீப்பைப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவேன். வழியெல்லாம் ஆட்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு இந்த மழை. நேற்றிரவே அவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. இன்று ஒரு நாள் மட்டும் வாங்க, மழை விட்டதும் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று கெஞ்சி, முன்கதவைத் திறந்து வைத்தேன். அப்போதுதான், ஏறியவர்கள் யாரும் உட்கார்ந்து வந்ததில்லை என்று அவர் சொன்னது.

சொல்லிவிட்டுத் திண்ணையிலிருந்து தடுமாறி எழுந்தார். நான் திறந்து வைத்த முன்கதவைத் தாண்டி, ஜீப்பின் உடம்பைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனார். ஆஸ்பத்திரி ஃபைலை உள்ளே போட்டார். முட்டியை ஊன்றி ஏறினார். இருந்த ஒரு பெஞ்சில் உட்காரவில்லை. நான்கு வளையங்களுக்கு நடுவில், தரையில் சம்மணம் போட்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பின்கதவைச் சாத்தப் போனேன். வீங்கிய காலை நீட்டித் தடுத்தார். “தொறந்தே இருக்கட்டும்டா, எழுந்து நிக்கிறவங்க பாக்கட்டும்.”