மேயர் மூக்கைப் பார்

மாதாவைக் கோயிலில் காணிக்கையாக்கிய திருநாளன்று பிறந்ததால் அவளுக்குப் பிரெசென்டாசியோன் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் பிரசன்டேஷன், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்! பிலிப்பைன்ஸின் இலோயிலோ கடற்கரையில் அந்தச் சின்ன ஊருக்கு அவள் 'மனாங் பிரெசிங்', எல்லோருக்கும் அக்கா.

ஸ்லைடுகளைத் தாளில் எடுக்க ஊரே அவள் ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓடிவரும். திரையில் ஒவ்வொன்றாக வந்து மறையும் படங்கள் தாளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒருமுறை பங்குச் சாமியார் முகத்தின் மேலேயே முழுப் பன்றி வறுவல் படுத்திருந்தது. பிரெசிங்தான் இருவரையும் தனித்தனி ஸ்லைடில் குடியேற்றினாள். கருநீலப் பின்னணியை வெள்ளையாக்கி மையை மிச்சம் பிடிப்பதும் அவள்தான்.

இந்த முறை வேலை அவளுடையதே. மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் மெஷின் வேண்டும். ஊர் மன்றம் சம்மதிக்க வேண்டும். அவள் கணவன் பிடித்து வரும் மீனும் மத்தியானத்துக்குள் கெட்டுத்தான் போகிறது. ஸ்லைடு செய்தவளே பேசட்டும் என்று எல்லோரும் கழன்றுகொண்டார்கள்.

பயத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொண்டாள். ஒத்திகைக்குக் குறிப்போடு ஒரு பிரதி எடுத்தாள். குறிப்பும் சேர்ந்து அச்சாகும் அந்த அமைப்பைக் கணினியில் மாற்ற மறந்துபோனாள். ஊருக்குத்தான் உபதேசம்! மறுநாள் காலையில் தோழி லூடிங் பிரதிகளை அப்படியே அச்சடித்து மன்றத்தில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள்.

மேடை ஏறிய பிறகுதான் பிரெசிங் தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே அவள் குறிப்பும் அச்சாகியிருந்தது.

"அடிப்பாவி லூடிங்! மேயர், அஞ்சு நிமிஷம் குடுங்க. எல்லாத்தையும் வாங்கிட்டுப் போய்ச் சரிபண்ணிக் கொண்டாறேன்."

"அதெல்லாம் முடியாது," என்றார் மேயர். "'மேயர் கண்ணைப் பாக்காதே, மூக்கைப் பாரு'ன்னு போட்டிருக்கே மனாங். என் மூக்குல அப்படி என்ன இருக்கு?"

"எங்கே நின்னாலும் தெரியுதே மேயர், அதான்!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள், மேயர் உட்பட. அடுத்த பக்கத்தில் 'இங்கே சிரிப்பார்கள்' என்றிருந்ததா, அவள் வாய் திறக்குமுன்பே மறுபடி ஒரு சிரிப்பு.

"இருங்கப்பா, இன்னும் சொல்லவேயில்லை!"

பயம் எங்கே போனதோ! தாளைப் பார்க்காமலே பேசினாள். "மத்தியானம் ஆனா மீனோட கண்ணு கலங்கிடுது மேயர். வியாபாரி வந்து விலை சொல்றப்போ எங்க கண்ணும் கலங்குது. ஐஸ் இருந்தா, விலையை நாங்க சொல்லுவோம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக மேயரின் கையும் உயர்ந்தது.

பெண்கள் போட்ட கூச்சலில் மேயர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"'சரின்னு சொல்லிட்டா அழாதே. நன்றி சொல்லிட்டு உக்காரு.' மனாங், எழுதினபடி நடக்கணும், ஆமா!"

பிரெசிங் நன்றியும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. மேடையிலேயே நின்று ஓவென்று அழுதாள்.