இளநீரின் நிறம்

சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். நீலச் சுடர் மஞ்சளாகி, கொஞ்சம் தள்ளாடி, மறுபடி நீலமானது. துடைக்க வேண்டியவன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உப்பு எரிந்தால் மஞ்சள். வயிற்றுப்பிழைப்புக்கு நான் கற்ற முதல் பாடம்.

திருப்பதியில், அலிபிரி போகிற சாலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். அரக்கோணத்திலிருந்து வந்த எனக்கும் வரதய்யபாளையத்து முனிரத்தினத்துக்கும் அங்கே ஒரே மேசை, மத்தியானத்துக்கு ஒரே குழம்புப் பொட்டலம். மேசைமேல் சுடர்க் கருவி; அவன் அதை அடுப்பென்பான். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை நீர் கலந்து சுடருக்குள் தெளிக்கும். சூடேறிய அணு ஒவ்வொன்றும் தனக்கான நிறத்தை உமிழும். கருவி அதை அளந்து எண்ணாகச் சொல்லும். சோடியம் மஞ்சள். பொட்டாசியம் வெளிர் கத்தரிப்பூ. ஆனால் மஞ்சள் இருக்கிற சபையில் அது வாய் திறக்காது.

ஒருநாள் குடித்து மிஞ்சிய இளநீரைக் கருவிக்கு ஊட்டினான் முனிரத்தினம். சுடரெங்கும் கத்தரிப்பூ.

"ஏம்ரா, பாத்தியா? எளநில எவ்ளோ பொட்டாசியம் கீது."

"ஓனர் பாத்தா நம்மளயும் சேத்துக் கொளுத்துவாரு."

"நீ மஞ்சளாத்தான் எரிவ. அவ்ளோ ஊறுகா துன்ற."

பிறகு அவன் சிறுநீரகங்கள் ஓய்ந்தன. வேலையை விட்டு ஊரோடு போனான். டயாலிசிஸுக்கு மட்டும் திருப்பதி வருவான். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். இளநீர் கூடாது. அலிபிரி சாலையில் இளநீர்க் குவியலைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு நடப்பான். நான் சிரிப்பேன், அவனும்தான்.

உடம்பு படுத்தும் நாட்களில் ஊரிலேயே ரத்தம் எடுத்து, டிபன் பாக்ஸில் வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவான். வழியெல்லாம் குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, எண் பொய்யாக ஏறும். அப்படியானால் சீரம் சிவந்திருக்கும்; கொட்டிவிட்டு வேறு கேட்போம்.

அந்தக் கோடையில் ஒருநாள் எண் ஏறியிருந்தது. திரும்பத் தெளித்தேன். அதே எண். போன் போட்டேன்.

"பஸ்ஸு குலுக்கிருக்கும்டா. அந்த ரோட்டுல கண்டக்டரு பல்லே ஆடுது."

"எளநி குடிச்சியா?"

"ஒரே ஒரு காயி. வெயிலு தாங்கல. வழுக்ககூட துன்னல."

அவன் குரல் பழையபடி மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

"சீரம் செவந்து கீதா?"

குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினேன். சிவந்திருக்க வேண்டுமே என்று அப்படி ஒரு ஆசை. பழைய வைக்கோல் நிறத்தில், கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது.

"இல்லடா. தெளிவா கீது. கார் புடிச்சி ஒடனே கெளம்பு."

காளஹஸ்தி தாண்டும்போது காரிலேயே போய்விட்டான்.

இப்போது அந்தப் பழைய கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் வேலை செய்கிற கூடத்தில் வெள்ளைப் பெட்டியொன்று ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு எண்ணைத் துப்புகிறது. உள்ளே சுடருமில்லை, நிறமுமில்லை. இளநீரை மட்டும் இன்னும் அதே சாலையில் குவித்து வைத்திருக்கிறார்கள்.

அன்று போனை வைக்குமுன் அவன் பேசியதுதான் கடைசி. அவனுக்குத் தெரியாதா, தெளிந்த சீரம் பொய் சொல்லாதென்று.

"கெளம்பிக்கினே கீறேன்டா. நீ அந்த அடுப்ப அணைச்சிட்டு, துன்னப் போ."